அகச்சிவப்பு நுண்ணோக்கியில் படம் எடுக்க எந்த வழி?

சாம்பிளின் எந்த இடத்தில் என்ன பொருள் இருக்கிறது என்று அகச்சிவப்பு ஒளியால் காட்டுவது அகச்சிவப்பு நுண்ணோக்கி. அதை வாங்க நினைக்கும் ஆய்வகங்களில் முதலில் எழும் கேள்வி, "பிக்சல் எவ்வளவு சின்னது?" என்பதுதான். விற்க வருகிறவரும் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குவார். என்னைக் கேட்டால், அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒளி உங்கள் சாம்பிளுக்குள் எப்படிப் போய் எப்படி வெளியே வரப்போகிறது என்பது முதல் கேள்வி. எந்த அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) வரைக்கும் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஒளி எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்ற வரைபடம், வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், ஒற்றைப் புள்ளி டிடெக்டரா, வரிசை டிடெக்டரா, எஃப்.பி.ஏ-வா (ஃபோகல் பிளேன் அரே, சின்ன டிடெக்டர்களைச் சதுரமாக அடுக்கிய சில்லு) என்ற முடிவு பாதி வந்த மாதிரிதான்.

முதலில் கருவியின் ஒளியியலைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வேதியியல் அடையாளத்துக்கு நமக்கு வேண்டியது 2.5 முதல் 25 மைக்ரான் வரையிலான ஒளி, அதாவது 4,000 முதல் 400 செ.மீ⁻¹ வரை. சாதாரண நுண்ணோக்கியின் கண்ணாடி லென்ஸ் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் இங்கே லென்ஸுக்குப் பதிலாக இரண்டு வளைந்த ஆடிகள். ஷ்வார்ட்ஷில்ட் வடிவமைப்பு என்பார்கள். கேட்டலாக்கில் பெரும்பாலும் காசெக்ரெய்ன் என்று போட்டிருக்கும். 1949-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் பேரர், கோல், தாம்ப்சன் மூவரும் இப்படிப்பட்ட ஆடி நுண்ணோக்கியை அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டரோடு இணைத்துக் காட்டிவிட்டார்கள். ஆடிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும் ஒரே இடத்தில்தான் குவியும். கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்த இடத்திலேயே ஸ்பெக்ட்ரமும் எடுக்கலாம். இதற்கு விலையும் உண்டு. சின்ன ஆடி நடுவில் நின்று கொஞ்சம் ஒளியை மறைக்கிறது. அதோடு, ஒவ்வொரு புள்ளியின் பிம்பத்தைச் சுற்றியும் விழும் வெளி வளையங்களில் கூடுதல் ஒளியைத் தள்ளிவிடுகிறது. பல அடுக்குள்ள சாம்பிளில், பக்கத்து அடுக்கின் பட்டைகள் (அந்தப் பொருள் ஒளியை உறிஞ்சும் இடங்கள்) நம் ஸ்பெக்ட்ரத்தில் எட்டிப் பார்க்க இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தப் பிக்சல் விவகாரம். இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காண முடிகிற தூரத்தை முடிவு செய்வது ஒளியின் அலைநீளமும், ஆப்ஜெக்டிவின் (சாம்பிளை நோக்கி நிற்கும் அந்த ஆடித் தொகுதி) நியூமெரிக்கல் அபெர்ச்சரும்தான். எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்கும் என்பதன் அளவு அது. 0.61-ஐ அலைநீளத்தால் பெருக்கி, நியூமெரிக்கல் அபெர்ச்சரால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். 15 மடங்கு ஆப்ஜெக்டிவில் அபெர்ச்சர் 0.4 என்று எடுத்துக்கொள்வோம். 1,000 செ.மீ⁻¹ என்றால் அலைநீளம் 10 மைக்ரான். எல்லை சுமார் 15 மைக்ரான். 2,900 செ.மீ⁻¹-ல் அதே எல்லை 5 மைக்ரானுக்கு வந்துவிடுகிறது. ஒரே சாம்பிள், ஒரே ஸ்கேன்தான். ஆனால் 2,900-ஐ ஒட்டிய சி-ஹெச் (கார்பன்-ஹைட்ரஜன்) பட்டையில் வரைந்த படம் கூர்மையாகவும், 1,000-ஐ ஒட்டிய சி-ஓ (கார்பன்-ஆக்சிஜன்) பட்டையில் வரைந்த படம் மங்கலாகவும் தெரியும். பிக்சலை 1 மைக்ரானாகச் சுருக்கினாலும் அந்த 15 மைக்ரான் 15 மைக்ரானாகவே இருக்கும். சின்னப் பிக்சலால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எல்லைக்குள் கிடைக்கும் விவரத்தைத் தவறவிடாமல் பதிவு செய்ய அது உதவும். எல்லையை நகர்த்தாது, அவ்வளவுதான்.

ஒளியைச் சாம்பிளோடு சந்திக்க வைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒப்பிட வசதியாக, சமையல் எண்ணெய் பாக்கெட்டின் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் ஒரே தாள். குறுக்கே வெட்டினால் பல பாக்கெட்டுகளில் ஐந்து அடுக்கு: பாலித்தீன், ஒட்டு அடுக்கு, நைலான், மறுபடி ஒட்டு அடுக்கு, பாலித்தீன். மொத்தம் 100 மைக்ரான், நைலான் மட்டும் 12 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம்.

ஊடுருவல் முறையில் ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். ஸ்பெக்ட்ரத்தின் தரத்தில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஸ்பெக்ட்ரத் தொகுப்பான நூலகத்தில் உள்ள பழைய ஸ்பெக்ட்ரங்களோடு நேராக ஒப்பிடலாம், அளவுக் கணக்கும் போடலாம். ஆனால் சாம்பிள் மெலிதாக இருக்க வேண்டும். பாலிமர் என்றால் 10 மைக்ரான் அளவு நல்லது. 20-ஐத் தாண்டினால் வலுவான பட்டைகள் உச்சி தட்டையாகி எதற்கும் உதவாமல் போகும். ஆகவே பாக்கெட்டை ரெசினில் பதித்து, மெல்லிய துண்டுகளாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் வெட்ட வேண்டும். மென்மையான பாலித்தீனும் விறைப்பான நைலானும் ஒரே கத்திக்குச் சமமாக மசியாது; துண்டு சுருளும், அடுக்குகள் பிரியும். கை பழகியவர் இருந்தால் இது அரை நாள் வேலை. இல்லையென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். கருவியின் விலைப்பட்டியலில் மைக்ரோடோம் இருக்காது, அதை ஓட்டத் தெரிந்தவரும் இருக்கமாட்டார். ஆனால் இந்த முறையின் வெற்றி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

வெட்டிய துண்டை எதன்மேல் வைப்பது என்பதும் முக்கியம். கால்சியம் ஃபுளோரைடு தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் சுமார் 1,000 செ.மீ⁻¹-க்குக் கீழே ஒளியை விடாது. பேரியம் ஃபுளோரைடு 800 வரை விடும். பொட்டாசியம் புரோமைடு 400 வரை தாராளமாக விடும், விலையும் குறைவு. ஆனால் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் டெசிக்கேட்டருக்கு (ஈரம் புகாத பெட்டி) வெளியே வைத்தால் பனி படர்ந்ததுபோல மங்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பேரியம் ஃபுளோரைடு தட்டின் வழியே போகும்போது, ஒளி குவியும் இடம் சுமார் 0.3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சாம்பிளே 10 மைக்ரான்தான் என்னும்போது இது பெரிய நகர்வு. சாம்பிளுக்குக் கீழே இருக்கும் ஆடித் தொகுதியான கண்டென்சரைத் திரும்ப ஃபோகஸ் செய்யாமலும், ஆப்ஜெக்டிவின் திருத்த வளையத்தைத் தட்டின் தடிமனுக்கு ஏற்பத் திருப்பாமலும் ஸ்பெக்ட்ரம் எடுத்துவிட்டு, சிக்னல் போதவில்லை என்று டிடெக்டர்மேல் பழி போடுகிறவர்கள் நிறைய.

உருண்டை வடிவங்களும் தொல்லை தருபவை. 20 மைக்ரான் நூலிழை தானே ஒரு லென்ஸ் போல ஒளியை வளைத்துவிடும். அலைநீளத்துக்கு ஒத்த அளவுள்ள துகள்கள் ஒளியைச் சிதறடித்து, ஸ்பெக்ட்ரத்தின் அடிக்கோட்டை அலை அலையாக்கி, பட்டைகளின் இடத்தையே மாற்றிக் காட்டும். இழையைச் சின்ன எஃகு உருளையால் தட்டையாக்கினால், அல்லது இரண்டு வைரத் தட்டுகளுக்கு இடையில் வைத்து நசுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மென்பொருள் திருத்தத்தை நம்புவதற்கு முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்து பாருங்கள்.

பிரதிபலிப்பு முறை கைக்கு எளிது. சாம்பிளை வெட்டவே வேண்டாம். ஆனால் அது சரியாகப் பொருந்தும் இடங்கள் குறைவு. உணவு டப்பாவின் உள்பக்கப் பூச்சு, உலோகத்தின்மேல் படிந்த எண்ணெய்க் கறை, மின் தகட்டின்மேல் வந்த அழுக்கு ஆகியவற்றுக்கு இது அருமையான வழி. ஒளி மெல்லிய பூச்சைக் கடந்து, உலோகத்தில் பட்டு, அதே பூச்சைத் திரும்பக் கடந்து வரும். நம் எண்ணெய் பாக்கெட்டைப் போன்ற பளபளப்பான பிளாஸ்டிக்கை அப்படியே வைத்தால் பட்டைகள் வகையீட்டு வளைவுபோல மேலும் கீழும் திரிந்து வரும். திரிந்த பட்டைகளைக் கணக்குப் போட்டு நேராக்கும் கிரேமர்ஸ்-க்ரோனிக் திருத்தம் போடலாம். பரப்பு வழவழப்பாகவும் சாம்பிள் தடியாகவும் இருந்தால் அது வேலை செய்யும். பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் உள்ளே போய்த் திரும்பும் ஒளியும் கலந்து வந்தால் கைவிட்டுவிடும். திசுத் துண்டுகளை உலோகப் பூச்சுள்ள மலிவான கண்ணாடி ஸ்லைடில் வைத்து இரட்டைக் கடப்பில் படமெடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் வேகமாகப் பரவியது. உலோகப் பரப்புக்கு அருகே நிலையலை உருவாகி, தடிமன் சற்று மாறினாலும் பட்டைகளின் விகிதம் மாறுகிறது என்ற விவாதம் 2010-களின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் பிறகு, நோயறிதல் போன்ற நுணுக்கமான ஒப்பீட்டுக்கு நான் ஊடுருவல் முறையைத்தான் பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவது ஏ.டி.ஆர் (தணிந்த முழுப் பிரதிபலிப்பு). எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒளிவிலகல் எண் கூடுதலாக உள்ள ஒரு படிகத்தைச் சாம்பிள்மேல் அழுத்துகிறோம். படிகத்துக்குள் முழு அகப் பிரதிபலிப்பு நடக்கும்போது, தொடும் பரப்பிலிருந்து ஒரு மெல்லிய அலை சாம்பிளுக்குள் கொஞ்ச தூரம் கசிந்து மீள்கிறது. 10 மைக்ரான் அலைநீளத்தில், 45 டிகிரி கோணத்தில், ஜெர்மானியம் என்றால் அந்த ஆழம் சுமார் 0.7 மைக்ரான், வைரம் என்றால் 2 மைக்ரான். சாம்பிள் எவ்வளவு தடியாக இருந்தாலும் கவலை இல்லை. மெலிதாக வெட்டும் வேலையே மிச்சம். பாக்கெட்டை ரெசினில் பதித்து, வெட்டு முகத்தை மழமழவென்று தேய்த்தெடுத்தால் போதும்.

இதைவிடப் பெரிய லாபம் படத்தின் கூர்மை. ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் 4. ஒளி படிகத்துக்குள் குவியும்போது நியூமெரிக்கல் அபெர்ச்சர் நான்கு மடங்காகிறது, மேலே சொன்ன எல்லை நான்கில் ஒரு பங்காகிறது. 15 மைக்ரானாக இருந்தது 4 மைக்ரானுக்குக் கீழே வந்துவிடும். நைலானின் அமைடு பட்டை 1,640 செ.மீ⁻¹-ல் இருக்கிறது. ஊடுருவலில் அங்கே எல்லை சுமார் 9 மைக்ரான். 12 மைக்ரான் அடுக்கின் இரு கரையும் பாலித்தீனுக்குள் கரைந்து தெரியும். ஜெர்மானியத்தின் வழியே பார்த்தால் எல்லை 2 மைக்ரானை ஒட்டி வருகிறது. அடுக்கு தனியாக நிற்கிறது. அகச்சிவப்பு ஒளியியலில் எல்லையை உண்மையாகவே நகர்த்தும் எளிய வழி இதுதான். பிக்சலைச் சுருக்கச் செலவழிக்கும் பணத்தை நல்ல ஜெர்மானியப் படிகத்தில் போடுங்கள் என்று நான் சொல்லக் காரணமும் இதுவே. ஒட்டு அடுக்கு விஷயத்தில் மட்டும் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதன் வேதியியலே கிட்டத்தட்ட பாலித்தீன்தான், மலெயிக் அன்ஹைட்ரைடு கொஞ்சம் ஒட்டவைத்தது. எவ்வளவு கூர்மையாகப் படமெடுத்தாலும் ஸ்பெக்ட்ரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜெர்மானியத்தின் வழியே கண்ணுக்கு எதுவும் தெரியாது. முதலில் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு படிகத்தை நம்பிக்கையோடு இறக்க வேண்டும். வைரத்தின் வழியே பார்த்துக்கொண்டே அழுத்தலாம். ஆனால் 2,000 செ.மீ⁻¹-ஐ ஒட்டி வைரமே ஒளியை உறிஞ்சும், கூர்மையும் ஜெர்மானியம் அளவுக்குக் கிடைக்காது. படிகம் சாம்பிளைத் தொட்டே ஆக வேண்டும் என்பதால், மென்மையான திசு நசுங்கும். தளர்வான துகள் படிகத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கும் பயணம் போகும். அப்புறம், நீண்ட அலைநீளத்தில் ஒளி ஆழமாகக் கசிவதால் வலப்பக்கப் பட்டைகள் பெரிதாகத் தெரியும். நூலகத் தேடலுக்கு முன் ஏ.டி.ஆர் திருத்தம் போட வேண்டும், அல்லது ஏ.டி.ஆர்-லேயே எடுத்த நூலகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒளி வெளியே வந்தாயிற்று. அதைச் சேகரிக்கும் முறைகளில் பழையது ஒற்றை எம்.சி.டி (பாதரச-காட்மியம்-டெல்லுரைடு) டிடெக்டர். திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்வித்து, ஒளியை மறைக்கும் அபெர்ச்சர் என்ற துளையால் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் தனியே பிரித்து, ஸ்பெக்ட்ரம் எடுத்து, மேடையை அடுத்த இடத்துக்கு நகர்த்துவது. தொந்தரவு எல்லாம் நேரத்தில்தான். 1 மில்லிமீட்டர் சதுரத்தை 10 மைக்ரான் அடிவைப்பில் எடுத்தால் 10,000 புள்ளிகள். புள்ளிக்கு 10 விநாடி என்றால்கூட கிட்டத்தட்ட 28 மணி நேரம். அபெர்ச்சரைச் சுருக்கினாலும் அடி விழுகிறது. 100 மைக்ரான் சதுரத்தை 50 ஆக்கினால் சிக்னல் நான்கில் ஒரு பங்கு; அதே தரத்தை மீட்க 16 மடங்கு ஸ்கேன் தேவை, ஏனென்றால் ஸ்கேனின் வர்க்க மூலத்துக்கு ஏற்பத்தான் இரைச்சல் குறையும். ஆனால் இதன் பலம் பலர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. ஒற்றை டிடெக்டரை 600 செ.மீ⁻¹ வரை பார்க்கும் வகையிலும் வாங்கலாம்.

எஃப்.பி.ஏ-வின் கதையே வேறு. 64-க்கு 64, அல்லது 128-க்கு 128 என்று ஆயிரக்கணக்கான சின்ன டிடெக்டர்கள் ஒரே சில்லில். ராணுவத்தின் வெப்பப் படக் கருவிகளுக்காக வளர்ந்த தொழில்நுட்பம் இது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் லூயிஸ் குழுவினர் 1995-ல் இதை எஃப்.டி.ஐ.ஆர் (ஃபூரியர் உருமாற்ற அகச்சிவப்பு) நுண்ணோக்கியோடு சேர்த்துக் காட்டினார்கள். 128 சதுரச் சில்லு ஒரே தடவையில் 16,384 ஸ்பெக்ட்ரம் தரும். 2.7 மைக்ரான் பிக்சலோடு 64 சதுரச் சில்லு சுமார் 170 மைக்ரான் சதுரத்தைப் பிடிக்கும். மேலே சொன்ன 1 மில்லிமீட்டர் சதுரம் 36 ஓடுகளில், அதாவது பக்கம் பக்கமாக ஒட்டும் 36 சின்னப் படங்களில், முடிந்துவிடும். ஓட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 28 மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிறது. பார்க்கப் பார்க்கச் சலிக்காத வேகம் அது.

ஆனால் பெரும்பாலான எஃப்.பி.ஏ-க்கள் 850, 900 செ.மீ⁻¹-க்குக் கீழே குருடு. அங்கேதான் பாலித்தீனின் 720 பட்டையும், பாலிஸ்டைரீனின் 700 பட்டையும், பி.வி.சி-யின் கார்பன்-குளோரின் பட்டைகளும், சுண்ணாம்புக்கல்லின் 712-ம் இருக்கின்றன. பிளாஸ்டிக் வகையை அடையாளம் காண 900-க்கு மேலே உள்ள பட்டைகளே பெரும்பாலும் போதும். ஆனால் கார் பெயின்ட் செதிலில் எந்தக் கனிமம் நிரப்பியாகப் போட்டிருக்கிறது என்று கேட்கும் தடயவியல் ஆய்வகத்துக்கு, எஃப்.பி.ஏ மட்டும் இருந்தால் பாதிச் சாட்சியம் போய்விடும். சந்தேகமான துகள் ஒன்று, கறை ஒன்று என்று தினமும் இரண்டு மூன்று சாம்பிள் மட்டும் வரும் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்கும் எஃப்.பி.ஏ தேவையே இல்லை. ஒரு துகளைக் கேட்டவருக்கு 16,384 ஸ்பெக்ட்ரம் பதில் அல்ல.

இரண்டுக்கும் நடுவில் வரிசை டிடெக்டர். பதினாறு போன்ற குறைந்த எண்ணிக்கையில் எம்.சி.டி துண்டுகளை அடுக்கி, மேடையை ஓட்டிக்கொண்டே படமெடுப்பது. எஃப்.பி.ஏ அளவு வேகம் வராது; ஆனால் ஒவ்வொரு துண்டும் நல்ல தரம், 700-ஐ ஒட்டி வரைக்கும் பார்வை. அடுக்குப் பிளாஸ்டிக்கும் மருந்து மாத்திரைப் படங்களும்தான் முக்கிய வேலை என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

நுண்பிளாஸ்டிக்கில் எஃப்.பி.ஏ-வுக்கு முழு மதிப்பெண். வடிதாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் துகள்களை ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டிய வேலை அது. கண்ணால் பார்த்துப் பொறுக்கினால் நிறமில்லாத துகள்கள் தப்பிவிடும். இங்கே வடிதாளும் ஒளியியலின் ஒரு பாகம். அலுமினா வடிதாள் 1,250 செ.மீ⁻¹-க்குக் கீழே ஒளியை அடைத்துவிடும். சிலிக்கான் வடிதாளில் அந்தப் பிரச்சினை இல்லை, விலைதான் அதிகம். 500 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றைத் தனியே எடுத்துச் சாதாரண ஏ.டி.ஆர்-ல் பார்த்துவிடுவது நல்ல வழக்கம். அவற்றுக்கு நுண்ணோக்கி வேண்டாம். 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கைக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில மில்லிமீட்டர் அளவுள்ள அந்த மணிகளை மேசைமேல் உள்ள ஏ.டி.ஆர் அடையாளம் காட்டிவிடும். கரியாகிப்போன துண்டுகள் வேறு ரகம். கரி ஏறிய பொருளில் வைரப் படிகம் பட்டைகளைத் திரித்துக் காட்டும், ஜெர்மானியம்தான் கைகொடுக்கும். அந்த மணிகள் அலையில் அரைபட்டு 50 மைக்ரான் பொடியாகும்போதுதான் எஃப்.பி.ஏ-வின் வேலை தொடங்குகிறது.

புதிதாக வந்தவை இரண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். குவாண்டம் கேஸ்கேடு லேசர் நுண்ணோக்கியில் நிறமாலை முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. வேண்டிய இரண்டு மூன்று அலை எண்களை மட்டும் தேர்ந்து, பெரிய பரப்பைச் சட்டென்று படமெடுக்கலாம். திரவ நைட்ரஜன் இல்லாமலே ஓடும் மாடல்கள் உண்டு. நைட்ரஜன் வண்டி ஒழுங்காக வராத ஊரில் இதுவே முடிவைத் தீர்மானிக்கலாம். ஆனால் பொதுவான மாடல்கள் சுமார் 950 முதல் 1,800 செ.மீ⁻¹ வரைதான் பார்க்கும். 2,900-ம் இல்லை, 720-ம் இல்லை. பாலித்தீனுக்கு 1,465 ஒன்றே மிச்சம். லேசருக்கே உரிய புள்ளிப்புள்ளியான இரைச்சலும் சில கருவிகளில் படத்தில் தெரியும்.

மற்றொன்று ஒளிவெப்ப முறை. அகச்சிவப்பு லேசர் சாம்பிளைத் துளி சூடாக்குகிறது. அந்தச் சூட்டால் வரும் மாற்றத்தை 532 நானோமீட்டர் பச்சை லேசர் படிக்கிறது. படத்தின் கூர்மையை முடிவு செய்வது பச்சை லேசர் என்பதால் அரை மைக்ரான் வரை இறங்கலாம். தொடுதலும் இல்லை, மெலிதாக வெட்டுவதும் இல்லை. 12 மைக்ரான் என்ன, 1 மைக்ரான் அடுக்கும் தெரியும். விலை பெரிது. கறுத்த சாம்பிள்கள் பச்சை லேசரில் கருகும் அபாயமும் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தின் பொது மையத்தில் இது ஒன்று இருந்து, சுற்றியுள்ளவர்கள் கட்டணம் கட்டிப் பயன்படுத்துவதே நியாயமான ஏற்பாடு.

நடுத்தர பட்ஜெட்டில் ஒன்றே ஒன்று வாங்க வேண்டும், வேலையோ கலவையாக வரும் என்றால் என் தேர்வு இது: ஒற்றை எம்.சி.டி டிடெக்டர், 15 மடங்கு ஆப்ஜெக்டிவ், ஜெர்மானிய ஏ.டி.ஆர் ஆப்ஜெக்டிவ், ஒரு வைர அழுத்தத் தட்டு, கூடவே உலர்ந்த காற்றுச் சுத்திகரிப்பு. கடைசியாகச் சொன்னதை விலை பேசும்போது முதலில் வெட்டிவிடுவார்கள், வெட்டவிடாதீர்கள். அறையின் ஈரப்பதம் 1,400 முதல் 1,900 வரை ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தால், நைலானின் அமைடு பட்டையை அதற்குள்தான் தேட வேண்டியிருக்கும். இரண்டாவது டிடெக்டர் பொருத்தும் வாயில் கருவியில் இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நுண்பிளாஸ்டிக் வேலை பின்னால் பெருகினால் எஃப்.பி.ஏ-வை அதில் சேர்த்துக்கொள்ளலாம். டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் அழகான அடுக்குப் பிளாஸ்டிக்கைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே மோசமான சாம்பிளைக் கொடுத்து, வெட்டுவதிலிருந்து நூலகத் தேடல் வரை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.